தெரியாமை என்னும் சலுகை: காவிரிக் கடைமடையில் வீட்டு வேலைப் பகிர்வு

ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருந்தும், அல்லது இரண்டொரு முறை பார்த்தால் கற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தும், தெரியாதவராகக் காட்டிக்கொண்டு அதை அடுத்தவர் தலையில் விட்டுவிடுவதைப் பாசாங்குத் தெரியாமை எனலாம். சோம்பலிலிருந்தும் மறுப்பிலிருந்தும் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோம்பேறி வேலையைத் தள்ளிப்போடுகிறார். வேலை அவர் பெயரிலேயே கிடக்கிறது. மறுப்பவர் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அதனால் வரும் சண்டையையும் ஏற்கிறார். பாசாங்கு செய்பவர் வேலையைக் கையில் எடுக்கிறார், கெடுக்கிறார், கெட்டதைக் கண்டவரே ‘விடுங்க, நானே பாத்துக்கறேன்’ என்று வாங்கிக்கொள்ளும்வரை காத்திருக்கிறார். வேலை கைமாறுகிறது. கைமாற்றியவர்மீது குறை சொல்லவும் வழியில்லாமல் போகிறது.

வீடுகளில் இது நடக்கும் விதம் பழகியதுதான். வெள்ளைத் துணியோடு சாயத்துணியைச் சேர்த்து ஊறவைப்பது, முற்றிய வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கிவருவது, பால் பொங்கி வழிந்தபின் அடுப்படிக்கு வருவது ஆகியவை முதல் படி. இரண்டாவது படி கேள்வி. உப்பு எந்த டப்பாவில், பிள்ளையின் சீருடை எங்கே, மருந்து எத்தனை சொட்டு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கேட்டுச் செய்தால், கை ஒருவருடையதாகவும் மூளை இன்னொருவருடையதாகவும் ஆகிவிடுகிறது. கேட்கப்படுபவருக்குத் தானே செய்துவிடுவது எளிது என்று தோன்றும். மூன்றாவது படி புகழ்ச்சி. ‘உன் கைப்பக்குவம் எனக்கு வராது’ என்ற ஒரு வரி பல ஆண்டு உழைப்பைச் செலவின்றி உறுதிசெய்துவிடும். இம்மூன்றில் கேள்விதான் மிகுந்த ஆய்வுக்குரியது. அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்தல், அதற்கான வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நடந்ததா என்று கண்காணித்தல். அவர் பேட்டி கண்ட 35 இணைகளில் முடிவெடுப்பது பெரும்பாலும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெண்கள் பக்கமே சாய்ந்திருந்தன.

இந்தியாவில் வீட்டு வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதற்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நல்ல சான்று. காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை ஒருவர் என்னென்ன செய்தார் என்பதை அரை மணிக் கூறுகளாக அது பதிவுசெய்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 விழுக்காட்டினர் அந்த ஒரு நாளில் ஊதியமற்ற வீட்டு வேலை செய்திருந்தனர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். செய்த பெண் சராசரியாக 299 நிமிடமும் செய்த ஆண் 97 நிமிடமும் செலவிட்டனர். இந்த 97 நிமிடம் எல்லா ஆண்களின் சராசரி என்று பல இடங்களில் எழுதப்படுகிறது, அது தவறு. ஏதேனும் ஒரு வீட்டு வேலையாவது செய்த நான்கில் ஓர் ஆணின் கணக்குதான் அது. மீதி மூவரின் கணக்கு சுழி. 2024இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் இந்த எண்கள் 289, 88 என ஆயின. இரு பக்கமும் சற்றுக் குறைந்தன, விகிதம் மேம்படவில்லை.

பெண் வீட்டிலிருப்பவள், ஆண் வெளியே உழைப்பவன் என்ற பிரிவினையால் இந்த ஏற்றத்தாழ்வை விளக்குவதுண்டு. வேதாரண்யம் வட்டாரத்தில் அந்த விளக்கம் நிற்காது. காவிரி கடைசியாக எட்டும் இந்தக் கடைமடையில் அகத்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் பெண்களும் கூலிக்கு உழைக்கிறார்கள். முல்லைக் கொல்லைகளில் வெயில் ஏறுமுன் மொட்டுப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடவும் களையெடுப்பும் டெல்டா முழுவதும் பெண் கூலிகளையே நம்பியிருந்தவை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டின் மொத்த வேலை நாட்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையவையாக இருந்துவந்தன. இவர்கள் கூலி வேலை முடித்து வந்து உலையேற்றுகிறார்கள். வெளியே உழைப்பவருக்கு வீட்டு வேலையிலிருந்து விலக்கு என்பது விதியானால், அந்த விலக்கு இவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. ஆகவே விளக்கத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்ததாகச் சொல்லப்படுவது, ஆண்களுக்கு அந்த வேலைகள் வராது என்பது. இதற்கு எதிரான சான்று இந்த வட்டாரத்திலேயே குவிந்து கிடக்கிறது. கோயில் மடைப்பள்ளிகளில் பொங்கலும் புளியோதரையும் ஆக்குபவர்கள் ஆண்கள். கல்யாணச் சமையலுக்கு வரும் தவசிப்பிள்ளை ஆண். ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைத்து உப்பு பிசகாமல் இறக்குகிறார். நாகப்பட்டினத்திலிருந்து நாட்கணக்கில் ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் அரிசியும் அடுப்பும் ஏறுகின்றன, பெண்கள் ஏறுவதில்லை. ஆடும் படகில் சோறு வடிப்பவர்களும் குழம்பு கூட்டுபவர்களும் மீனவ ஆண்களே. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப்போகும் டெல்டா இளைஞர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கி, முறை வைத்துச் சமைக்கிறார்கள். முறை தவறினால் மற்றவர்கள் பட்டினி, அதனால் தவறுவதில்லை. அங்கே பாத்திரம் துலக்கத் தெரிந்த கை விடுமுறையில் ஊர் வந்ததும் தேநீர் டம்ளரை வைத்த இடத்தில் விட்டுவிடுகிறது. திறமை விமானத்தில் தொலைந்துபோவதில்லை. அது தேவைப்படாத ஓர் இடத்துக்கு அந்த இளைஞர் வந்துசேர்கிறார்.

வயலிலிருந்து வரும் சான்று இதைவிட அழுத்தமானது. நாற்று நடுவது பெண்களின் கைக்கே வரும், ஆண்களுக்கு அவ்வளவு நேரம் குனிய இடுப்பு வளையாது என்பது டெல்டாவில் தலைமுறைகளாக ஐயமின்றி நம்பப்பட்டது. அண்மை ஆண்டுகளில் ஆள் பற்றாக்குறையால் மேற்கு வங்கத்திலிருந்து ஆண் தொழிலாளர்கள் குழுக்களாகத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களுக்கு வந்து, ஒப்பந்தக் கூலிக்கு நாற்று நட்டுத் தருகிறார்கள். அவர்களின் வேகத்தை உள்ளூர் விவசாயிகளே பாராட்டுகிறார்கள். உடலின் இயல்பு என்று கருதப்பட்டது ஊரின் வழக்கம் என்பது வரப்பில் நின்று பார்த்தாலே தெரிந்துவிட்டது. சமையலறைக்கு அப்படி வெளியூர் ஆள் வருவதில்லை. அதனால் அங்கே நம்பிக்கை சோதிக்கப்படாமலே நீடிக்கிறது.

ஆற்றல் இருந்தும் இல்லாததாகக் காட்டுவது எப்போதும் கண்டிக்கத்தக்கதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூரில் 1978 முதல் 1980 வரை தங்கி ஆய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் எழுதிய நூலில், மெத்தனமாக வேலை செய்வதும் புரியாதது போல் நிற்பதும் ஏழை உழைப்பாளிகளின் ஆயுதங்கள் என்று காட்டினார். எதிர்த்துப் பேச முடியாதவருக்கு அறியாமை ஒரு கேடயம். இந்தக் கருத்தை ஏற்பவர்கள், வீட்டு ஆணின் பாசாங்கையும் அதே வரிசையில் வைத்துச் சிரித்துக் கடந்துவிடலாம். அப்படிக் கடக்கக் கூடாது. தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளின் வேலை குறைபட்டால் என்ன நடந்தது என்பது வரலாறு: சாணிப்பாலும் சவுக்கடியும். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் இயக்கம் அவற்றை எதிர்த்தே எழுந்தது. 1952இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளின் பிழைக்குத் தண்டனை இருந்தது. வீட்டு ஆணின் பிழைக்குக் கிடைப்பது விடுதலை. பாசாங்கு எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய இதுவே உரைகல்: கெட்டுப்போன வேலையின் செலவு யார் தலையில் விழுகிறது? செய்தவர் தலையிலேயே விழுந்தால் அது ஏழையின் ஆயுதம். பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் விழுந்தால் அது அதிகாரத்தின் சலுகை.

இதே உரைகல் மருமகளிடம் ஒன்றாகவும் மாமனாரிடம் வேறாகவும் தீர்ப்பளிப்பதைக் கவனிக்கலாம். சோறு குழைந்தால் மருமகளின் வளர்ப்பு பேசப்படுகிறது, அவளைப் பெற்றவளும் பேசப்படுகிறாள். மாமனார் குழைத்தால் அன்று வீட்டில் ஒரு வேடிக்கைக் கதை கிடைக்கிறது. தெரியாமல் இருக்க முடிவதே ஒருவகைச் செல்வம். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

வேலையை மறுப்பதற்கு வேதாரண்யத்தில் நேர்மையான முன்மாதிரி உண்டு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்துவந்த ராஜாஜியும் தொண்டர்களும் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார்கள். அதையொட்டிய அடக்குமுறையின்போது, போலீஸ்காரர்களுக்கு முகம் மழிப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்த முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தன் முன் அமர்ந்திருந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி மழித்த நிலையிலேயே கத்தியைக் கீழே வைத்தார். மிரட்டலுக்குப் பணியாமல் சிறைக்குப் போனார். அவர் பெயரில் ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. கத்தி மழுங்கிவிட்டது, கை நடுங்குகிறது என்று அவர் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம்; அந்த நிலையில் அப்படிச் சொல்லியிருந்தாலும் யாரும் குறைகூற முடியாது. ஒளிவுமறைவில்லாமல் மறுத்து, விலையையும் தானே கொடுத்ததால் அந்த மறுப்பு அரசியலாயிற்று. வீட்டுப் பாசாங்கில் இல்லாமல் போவது இந்த வெளிப்படைதான். வெளிப்படையாக மறுத்தால் எதிரில் இருப்பவர் வாதாடலாம், பேரம் பேசலாம். தெரியாது என்பவரிடம் வாதாட எதுவுமில்லை.

எல்லாத் தெரியாமையும் பாசாங்கல்ல. அடுப்படிப் பக்கம் வந்தால் ‘ஆம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை’ என்று விரட்டப்பட்டு வளர்ந்தவர்களுக்கு உண்மையிலேயே பல வேலைகள் தெரியாது. விரட்டியவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாரும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆய்வாளர்கள் ஆலனும் ஹாக்கின்ஸும் 1999இல் அமெரிக்கக் குடும்பங்களை ஆய்ந்து, தாங்கள் வகுத்த அளவுக்குக் குறைந்து செய்வதை ஏற்காமல் கணவரை வேலையிலிருந்து விலக்கிவைக்கும் மனைவியரைப் பற்றி எழுதினர். வேறு அதிகாரம் எதுவும் தரப்படாத இடத்தில், சமையலறையின் அதிகாரத்தை ஒரு பெண் விட்டுக்கொடுக்கத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதன் விலையையும் அவளே கொடுக்கிறாள்.

உள்ளத்தில் இருப்பது தெரியாமையா பாசாங்கா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்ற மறுப்பு வலுவானது. காலம் அதைத் தீர்த்துவைக்கிறது. தெரியாதவர் கற்கிறார், பத்தாவது முறை உப்பு டப்பாவைத் தானே எடுக்கிறார். கைப்பேசியின் ஒவ்வொரு புதிய வசதியையும் ஒரே மாலையில் கற்றுக்கொள்பவர் சலவை இயந்திரத்தின் மூன்று பொத்தான்களைப் பல ஆண்டுகளாகக் கற்கவில்லை என்றால், உள்ளத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. நடத்தையே போதும்.

பெண்களும் தெரியாமையைக் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவியர் பலர் ஆண் நண்பர்கள் முன் அறிவு குறைந்தவர்களாக நடித்ததை மிரா கொமரோவ்ஸ்கி 1946இல் பதிவுசெய்தார். ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1989இல் எழுதிய ‘இரண்டாம் பணிமுறை’ நூலில், கையாலாகாதவளாகக் காட்டிக்கொண்டே கணவரைச் சமையலுக்குள் இழுத்த ஒரு மனைவி வருகிறார். நேராகக் கேட்டால் ஆணின் கௌரவம் குறையும் என்பதால் சுற்றிவளைத்த வழி அது. தமிழகத்தில் ‘எனக்கு ஒண்ணும் தெரியாது, அவரைக் கேளுங்க’ என்று வங்கியிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் சொல்லும் பெண்களில் பலர், தெரிந்ததாகக் காட்டினால் வாயாடிப் பட்டம் வரும் என்பதை அறிந்தவர்கள். இன்னொரு வகையும் உண்டு. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2016இல் நிறைவேறிய பிறகும், தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கணவர் பதில் சொல்லும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே தெரியாமை அந்தப் பெண்ணின்மேல் ஏற்றப்படுகிறது; தெரிந்ததைச் சொல்லவும் அவளுக்கு இடம் விடப்படுவதில்லை. உரைகல்லில் உரசினால், இவற்றில் எதிலும் செலவு எதிராளி தலையில் விழவில்லை.

ஊதியத்தைச் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. கூலியும் பெயரும் கூடிய சமையலில் ஆண் ‘மாஸ்டர்’ ஆகிறார். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தின் அடுப்புகளிலும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் அடுப்புகளிலும், குறைந்த ஊதியத்துக்கு நிற்பவர்கள் பெண்கள். ஊதியமே இல்லாத அடுப்பில் ஆணுக்குச் சமையல் முற்றாக மறந்துபோகிறது. கைத்திறன் ஊதியத்தோடு ஏறி இறங்குமானால், அதை இயல்பு என்று அழைப்பது பொய்.

அரசும் நீதிமன்றமும் இந்த உழைப்பை மெல்லக் கணக்கில் எடுக்கத் தொடங்கியுள்ளன. விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் 299, 97 என்ற அந்த நிமிடக் கணக்கையே மேற்கோள் காட்டியது. கணவர் வளைகுடாவில் சம்பாதிக்க, ஊரில் குடும்பத்தைத் தாங்கிய மனைவிக்கு அந்தச் சொத்தில் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாயை, உதவி என்று சொல்லாமல், உரிமைத் தொகை என்ற பெயரில் வழங்கத் தொடங்கியது. இவை மதிக்கத்தக்க மாற்றங்கள். ஆனால் ஒன்று பெண் இறந்தபின் வருகிறது, ஒன்று சொத்துத் தகராறு எழுந்தபின் வருகிறது, மற்றது வேலை அவளுடையது என்பதை ஏற்றுக்கொண்டே பணம் தருகிறது. பங்கீட்டை எதுவும் தொடவில்லை. 2024இல் கேரளம் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படத்தை அச்சிட்டது. பங்கீட்டை நேராகத் தொட்ட அண்டை முயற்சி அது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதைச் செய்யத் தனிச் செலவு ஆகாது. கியூபா 1975இலும் ஸ்பெயின் 2005இலும், வீட்டுப் பொறுப்புகளைக் கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதைத் தங்கள் சட்டத்திலேயே எழுதின. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இன்றுவரை இல்லை.