நிலவில் வைத்த காவல்: ஆர்தர் சி. கிளார்க்கின் வேற்றுலகக் கண்காணிப்புக் கருவிகள்

அறிவியல் புனைகதைகளில் வேற்றுலகினர் பெரும்பாலும் மனிதரை இடைவிடாமல் உற்று நோக்குபவர்களாகவே வருகின்றனர். எச். ஜி. வெல்ஸ் 1898 ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாய்வாசிகள் பூமியை நெடுங்காலம் கவனித்த பிறகே படையெடுக்கின்றனர். அரை நூற்றாண்டு கழித்து ஆர்தர் சி. கிளார்க் (1917–2008) இதை மாற்றினார். அவருடைய வேற்றுலகினர் பூமியைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஒரே ஒரு கேள்விக்கு விடை தரும் கருவியை வைத்துவிட்டுப் போய்விடுகின்றனர்.

இங்கிலாந்தில் பிறந்து 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் ராடார் பிரிவில் பணியாற்றியவர். மூடுபனியில் ஓடுதளம் தெரியாமல் வரும் விமானத்தைத் தரையிலிருந்தே ராடாரில் கண்டு, விமானிக்குக் குரலால் வழிகாட்டி இறக்கும் முறை அப்போது புதிது. அதில்தான் அவருக்கு வேலை. உணர்கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைக் கைப்பழக்கமாகத் தெரிந்தவர் என்பது அவர் கதைகளைப் படிக்கும்போது விளங்கும்.

'தி சென்டினல்' (1948)

பி.பி.சி. நடத்திய சிறுகதைப் போட்டிக்காக 1948 இல் எழுதப்பட்ட இக்கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. 1951 இல்தான் அச்சேறியது. நிலவின் மாரே கிரிசியம் சமவெளியில் ஆய்வுக்குச் செல்லும் குழுவில் ஒருவர், காலை உணவு சமைத்துக்கொண்டிருக்கும்போது தொலைவில் ஒரு மலைமுகட்டில் உலோக மினுக்கத்தைக் காண்கிறார். ஏறிப் பார்த்தால் இரண்டு ஆள் உயரத்தில், பட்டை தீட்டிய மணி போன்ற கூம்பு வடிவப் பொருள் ஒன்று பாறையில் பதிந்திருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத காப்புக் கவசம். அதை உடைக்க மனிதருக்கு இருபது ஆண்டுகளும் அணுவாற்றலும் தேவைப்படுகின்றன. உடைத்த பிறகு உள்ளே இருக்கும் பொறிகள் எவருக்கும் புரிவதில்லை.

ஆனால் அதன் வேலை என்ன என்பது புரிந்துவிடுகிறது. பூமியில் உயிர்கள் கடலை விட்டுக் கரையேறும் முன்பே வைக்கப்பட்ட அது, தன்னை எவரும் தொடவில்லை என்று விண்வெளிக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. உடைந்ததும் அந்தச் சமிக்ஞை நின்றது. அந்த நிற்றல்தான் செய்தி. நம் ஊர்களில் இரவுப் பாராக்காரர் மணிக்கொரு தடவை குரல் கொடுப்பார். குரல் வராத இரவில்தான் மக்கள் விழித்துக்கொள்வார்கள். அதே ஏற்பாடு.

நிலவில் ஏன் வைத்தார்கள்? பூமியில் வைத்தால் கற்கால மனிதனே தட்டிப் பார்த்திருப்பான். விண்வெளியைக் கடந்து வரத் தெரிந்த இனம் மட்டுமே தொடக்கூடிய இடம் அது. அப்படி வரும் இனம் அணுவாற்றலையும் கைக்கொண்டு, அதனால் அழியாமலும் இருக்க வேண்டும். ஹிரோஷிமா நடந்து மூன்றே ஆண்டுகளில் எழுதிய கதையில் இது வெறும் அலங்காரமாக இருக்க முடியாது.

மெய்யுலகில்

1960 இல் வானொலி வானியலாளர் ரொனால்டு பிரேஸ்வெல் 'நேச்சர்' இதழில் இதே திசையில் ஒரு கருத்தை முன்வைத்தார். முன்னேறிய நாகரிகங்கள் தொலைவிலிருந்து வானொலி அலை அனுப்புவதைவிட, பிற விண்மீன்களுக்கு ஆய்வுக் கலங்களை அனுப்பிக் காத்திருக்கச் செய்யலாம். அங்கே வானொலி எழும்போது கலம் அதைக் கேட்டு, அதையே திருப்பி அனுப்பித் தன் இருப்பைத் தெரிவிக்கும்.

மனிதர்களும் காவல் வைத்தார்கள், தங்களுக்குள்ளேயே. 1963 இல் விண்வெளியிலும் வளிமண்டலத்திலும் நீரடியிலும் அணுச் சோதனையைத் தடைசெய்யும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா முதல் இணை வேலா செயற்கைக்கோள்களை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் நிறுத்தியது. விண்வெளியில் எவரும் குண்டு வெடித்தால் கண்டுபிடிப்பதே அவற்றின் பணி. 1967 ஜூலை 2 அன்று அந்த வரிசைக் கோள்கள் காமாக் கதிர்ப் பொறி ஒன்றைப் பதிந்தன. அது குண்டு அல்ல, ஆழ்விண்வெளியிலிருந்து வந்தது. 1973 இல்தான் இத்தகைய வெடிப்புகள் உலகுக்கு அறிவிக்கப்பட்டன.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968)

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் இணைந்து கிளார்க் உருவாக்கிய இந்தத் திரைப்படம் பழைய கதையிலிருந்தே வளர்ந்தது. இதில் கூம்புக்குப் பதில் கருநிறப் பலகை. டைக்கோ பள்ளத்தின் அருகே 40 அடி ஆழத்தில், நாற்பது லட்சம் ஆண்டுகளாகப் புதைந்து கிடக்கிறது. அதன் காந்தப்புலம் காட்டிக்கொடுத்ததால்தான் மனிதர் தோண்டுகின்றனர். சூரிய ஒளி பட்டதும் அது ஒரே ஒரு வலிய வானொலிச் சமிக்ஞையை அனுப்புகிறது. ஒளியால் இயங்கும் கருவியை மண்ணுக்குள் புதைப்பானேன்? தோண்டி எடுப்பவர் வந்துவிட்டார் என்று அறியத்தான். பயிர்க்காவலுக்கு வேலியில் கயிறு கட்டித் தகர டப்பாக்களைத் தொங்கவிடும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'தி சென்டினலில்' மௌனம் செய்தி. இங்கே ஓசை செய்தி. முந்தையதே நுட்பமானது. கருவி பழுதானாலும் காவல் தவறாது, பொய்யான எச்சரிக்கை வேண்டுமானால் போகலாம். பிந்தையது பழுதானால் எவருக்கும் தெரியாது. ஆனால் திரையில் காட்டுவதற்கு ஓசைதான் உகந்தது.

திரைப்படத்தில் சமிக்ஞை வியாழனை நோக்கிச் செல்கிறது. கிளார்க்கின் நாவலில் பயணம் சனிக்கோளுக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி படமாக்க முடியாமல் போனதால் குப்ரிக் கோளை மாற்றினார். சமிக்ஞையை அனுப்பிய பிறகு நிலவிலுள்ள பலகை எந்தச் சோதனைக்கும் பதில் தராமல் அசைவற்றுக் கிடக்கிறது.