ஞாயிறு வேலை நாளாயிருந்த காலம்

 

புத்தாண்டு நாட்காட்டி வீட்டிற்கு வந்ததும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது சிவப்பு எழுத்துக்களைத்தான். அந்தச் சிவப்பு எவ்வாறு வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பல மதத்தவர் வாழும் இலங்கையில் அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஞாயிறே ஓய்வு நாள். பெரும்பான்மையினரான பௌத்தர்களுக்கோ வெசாக் தினத்திலும் விடுமுறை இல்லை. 1883 ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. அதற்கு நீதி கேட்டு மறு ஆண்டு லண்டன் சென்ற கர்னல் ஒல்கொட், வெசாக் விடுமுறையையும் கோரினார். 1885 இல் அது கிடைத்தது.

சுதந்திரத்திற்குப் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. டட்லி சேனநாயக்க அரசு 1965 இல் இயற்றிய சட்டத்தின்படி, 1966 ஜனவரி முதல் ஞாயிறு வேலை நாளாயிற்று. சந்திரனின் நான்கு நிலைகளைக் குறிக்கும் போயா நாட்களும், அவற்றுக்கு முந்திய நாட்களும் வார இறுதியாயின. சந்திரன் கிழமை பார்த்து நடப்பதில்லையே! ஒரு வாரம் ஏழு நாள், மற்றொன்று எட்டு நாள். இன்று திங்களன்று வந்த ஓய்வு பின்னர் செவ்வாய்க்கோ புதனுக்கோ நகர்ந்துவிடும். உலகம் ஓய்ந்திருக்கும் ஞாயிறில் கொழும்புத் துறைமுகமும் வங்கிகளும் இயங்கின. உலகம் வணிகம் செய்த நாளில் அவை மூடிக் கிடந்தன. தேவாலயம் செல்வோர் ஞாயிறன்று பணிக்கும் செல்ல வேண்டியதாயிற்று. முன்பு பௌத்தர் பட்ட குறையை இப்போது கிறிஸ்தவ அயலவர் பட்டனர் என்றே நான் கருதுகிறேன்.

நம்மவர் நிலை என்ன? ஞாயிறு ஓய்வாயினும் போயா ஓய்வாயினும் வெள்ளி பெரும்பாலும் வேலை நாளே. ஆனால் சகோதரர்களே, ஜும்ஆ தினத்தை முழுநாள் ஓய்வாக மார்க்கம் விதிக்கவில்லை. பாங்கொலி கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைய வேண்டும்; தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடலாம் என்று சூரத்துல் ஜும்ஆ வழிகாட்டுகிறது. ஆகவே அலுவலகத்தில் நாம் கேட்க வேண்டியது ஒரு நாளையன்று, குத்பாவுக்கும் தொழுகைக்கும் உரிய நேரத்தையே. ஓய்வு நாள் எதுவென்று வழக்காடுவதைவிட இது எளிதில் கிடைக்கக்கூடியது. பிறர் உரிமை எதையும் பறிக்காதது.

1971 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு புதிய விடுமுறைச் சட்டத்தின் மூலம் ஞாயிறை மீட்டளித்தது. மாதந்தோறும் முழுமதிப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. இன்று இரு பெருநாட்களும் மீலாத் தினமும், தைப்பொங்கலும் தீபாவளியும், பெரிய வெள்ளியும் கிறிஸ்மசும் அந்நாட்டின் விடுமுறைப் பட்டியலில் உள்ளன. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் விடுமுறையும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறை மாதத்தின் 13, 14, 15 ஆகிய வெள்ளை நாட்களில் நோன்பு நோற்பது சுன்னத்தன்றோ? முழுமதிப் போயாவும் பெரும்பாலும் அந்நாட்களை ஒட்டியே வரும். வெண்ணுடை அணிந்த அயலவர் விகாரைக்குச் செல்லும் அதே தெருவில், ஸஹருக்கு எழுந்த வீடுகளும் இருக்கும்.