காப்பிக் கடையில் கற்ற பாஷை

வீட்டில் ஒரே ஒரு கணினி இருந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. இன்று நம் வயதுக்காரர் வீடுகளில்கூட மேசைக் கணினி ஒன்று, பிள்ளை விட்டுப்போன பழைய மடிக்கணினி ஒன்று, மருமகளின் மேக் ஒன்று என்று சேர்ந்துவிட்டன. ஓய்வூதிய உத்தரவு ஒன்றில் இருக்கும், பேத்தியின் படம் இன்னொன்றில் இருக்கும். தேவைப்படும் நேரத்தில் எதில் இருக்கிறது என்று தெரியாது. என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒருவர் பென் டிரைவ் என்பார், இன்னொருவர் உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள் என்பார், இளசுகள் கிளவுட் என்பார்கள். இந்த வழிகளுக்கெல்லாம் பின்னால் ஐம்பது ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதைப் படித்தபிறகுதான் எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று எனக்கு விளங்கியது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அலுவலகத்தில் நாம் ஃபைல் என்றது கட்டுக் காகிதத்தை. கணினிக்காரர் ஃபைல் என்பது அந்தக் கட்டில் இருக்கும் ஒரு கடிதத்தை மட்டும். கட்டுக்கு அவர்கள் ஃபோல்டர் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் இது கொஞ்சம் தெளிவு. கட்டு என்றால் தொஸ்ஸியே, உள்ளே இருப்பது ஃபிஷியே. தமிழில் கோப்புறை, கோப்பு என்கிறோம். கீழே கோப்பு என்று எழுதுவதெல்லாம் அந்த ஒற்றைக் கடிதத்தைத்தான்.

கணினியிலிருந்து கணினிக்குக் கோப்பை அனுப்ப முறையான விதிகளை முதலில் எழுதி வைத்தவர் நம் நாட்டுக்காரர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து 1965இல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண். 1971 ஏப்ரலில் அவர் எழுதிய விதிகள்தான் எஃப்.டி.பி. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் காலம் அது. இந்த முறையில் அங்கிருக்கும் கோப்பின் நகல் இங்கே வந்து சேரும். நகல் எடுத்துத் தபாலில் அனுப்புவதைப் போல. பென் டிரைவும் மின்னஞ்சலும் அடிப்படையில் இதே சாதிதான்.

நகலில் என்ன சங்கடம் என்பது எழுத்தர் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூலத்தில் ஒருவர் திருத்துவார், நகலில் இன்னொருவர் திருத்துவார். ஒரு மாதம் கழித்து எது கடைசி என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தானே நம் அலுவலகங்களில் பதிவறை என்று ஒன்று வைத்தார்கள்? காகிதம் ஓரிடத்தில் இருக்கும், வேண்டியவர் அங்கே போய்ப் பார்ப்பார். கணினியில் இந்தப் பதிவறை யோசனை 1980களில் வலுப்பெற்றது. 1984 வாக்கில் சன் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். அதில் ஒன்று. தூரத்துக் கணினியின் கோப்புறை நம் கணினிக்குள்ளேயே இருப்பதுபோலத் தெரியும். திறந்து திருத்தி மூடினால் திருத்தம் மூலத்திலேயே விழும். சன் நிறுவனம் அதன் விதிகளை ஊரறிய வெளியிட்டது.

மற்றொன்று ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர் அதே காலத்தில் உருவாக்கியது. முதலில் தன் பெயரின் தலைப்பெழுத்துகளையே அதற்கு வைத்தாராம், பிறகு எஸ்.எம்.பி. என்று மாறியது. அதை மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. 1992இல் வந்த விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் முதல், ஒரு கணினியின் கோப்புறையை அடுத்த கணினிக்குத் திறந்துவிடும் வசதி விண்டோஸோடு கூடவே வந்தது. ஆனால் விண்டோஸ் விண்டோஸோடுதான் பேசும். வேறு கணினிகள் அதனிடம் பேச வேண்டுமென்றால் அந்தப் பாஷையின் இலக்கணம் வேண்டும். நாளாக ஆக மைக்ரோசாஃப்ட் சேர்த்துக்கொண்டே போன இலக்கணம் வெளியார் கைக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991 கடைசியில், டிஜிட்டல் நிறுவனத்தின் ஒரு மென்பொருளைத் தன் கணினியில் ஓட்ட அவருக்குக் கோப்புப் பகிரும் சர்வர் ஒன்று தேவைப்பட்டது. விதி எழுதிய புத்தகம் கையில் இல்லை. கம்பியில் இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, இவர் இதைக் கேட்டால் அவர் இதைத் தருகிறார் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே ஒரு சர்வரை எழுதிவிட்டார். 1992 ஜனவரியில் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அவர் கேட்ட பாஷை எஸ்.எம்.பி.தான் என்பது அப்போது அவருக்கே தெரியாது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கழித்து, வீட்டில் மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க வேண்டி வந்தது. வேறு வழியில்லாமல் தன் பழைய சர்வரையே போட்டுப் பார்த்தார். வேலை செய்தது. அவருக்கே ஆச்சரியமாம்.

நீங்களும் நானும் கேட்கிற கேள்விதான் அவரையும் திரும்ப இழுத்திருக்கிறது, பாருங்கள்.

எப்படி எழுதினீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் பின்னாளில் ஓர் உவமை சொன்னார். அதற்கு அவர் வைத்த பெயரே 'பிரெஞ்சு கஃபே' முறை. பிரெஞ்சு கற்க வேண்டும், புத்தகமும் இல்லை, வாத்தியாரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சுக்குப் போய் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான். வந்தவர் என்ன சொல்கிறார், பரிமாறுகிறவர் என்ன கொண்டுவந்து வைக்கிறார் என்று கவனித்தால் ரொட்டிக்கும் காப்பிக்கும் உரிய சொல் பிடிபட்டுவிடும்.

புதுச்சேரிக்காரனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் பெரியப்பா பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் பிரெஞ்சு பேசியவர். துரை வீட்டுக் குசினியில் எடுபிடியாகச் சேர்ந்து, கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். நான் பள்ளியில் வருடக்கணக்காக வினைச்சொல் வாய்பாடு ஒப்பித்தவன். சந்தையில் ஒரு பிரெஞ்சு அம்மாளிடம் பேச நேர்ந்தால் நான் வாக்கியத்தை மனதில் அமைத்து முடிப்பதற்குள் பெரியப்பா பேரத்தை முடித்திருப்பார். எழுதச் சொன்னால் மட்டும் நழுவிவிடுவார். டிரிட்ஜெல் குழுவினர் ஒருபடி மேலே போனார்கள். பலவிதமான கேள்விகளைத் தாங்களே கணினியிடம் போட்டுப் பார்த்து, வருகிற பதிலிலிருந்து புதுச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள்.

அவருடைய மென்பொருளின் பெயர் சாம்பா. முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் உரிமை என்று தெரியவந்ததால், எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற சொல் எது என்று கணினி அகராதியில் தேடிப் பிடித்த பெயர் அது. நம் சம்பா அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இலக்கணப் புத்தக விவகாரம் கடைசியில் வழக்கில் போய் நின்றது. போட்டியாளரின் கணினிகள் தன் கணினிகளோடு சரியாகப் பேசத் தேவையான விவரங்களை மைக்ரோசாஃப்ட் தரவில்லை என்பதும் ஐரோப்பிய ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2004 மார்ச்சில் 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்து, விவரங்களைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ ஒரே தடவை கட்டி, சாம்பா குழுவினருக்கு அந்த ஆவணங்கள் கிடைக்க வழி ஏற்பட்டது. காப்பிக் கடையில் உட்கார்ந்து பதினாறு ஆண்டு கழித்துப் பாடப்புத்தகம் வந்தது! 2013இல் ஆப்பிளும் தன் சொந்த முறையைப் பின்னுக்குத் தள்ளி எஸ்.எம்.பி.யையே முதன்மையாக்கிக்கொண்டது. ஆக இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவான பாஷை இது ஒன்றுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிய வானாக்ரை பரவியது இந்த எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தில் மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டுக் கடைசியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸில் முதல் பதிப்பு சேர்ந்து வருவதில்லை. உங்கள் பழைய பெட்டி ஒன்று புதுக் கணினியின் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பழைய பதிப்பைத் திரும்ப இயக்கிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் மாடி அறையில் ஒழுகி, டிரங்குப் பெட்டியில் இருந்த தாத்தாவின் பிறப்பு அக்த், பாட்டியின் கல்யாண அக்த், பழைய பத்திரங்கள் எல்லாம் நனைந்துவிட்டன. இரண்டு காகிதத்தில் மை கரைந்தே போயிற்று. மிச்சத்தைக் காயவைத்து ஸ்கேன் செய்தோம். குடியுரிமைக்கு, பென்ஷனுக்கு, பங்கு பிரிக்க என்று உறவில் யாராவது ஒருவர் இன்றைக்கும் அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்படிப்பட்டவற்றுக்கு நகல் முறை உதவாது. மூன்று கணினியில் மூன்று பெயரில் கிடந்தால் எது தெளிவான பிரதி என்று தேடுவதற்கே ஒரு பொழுது போய்விடும்.

என்.எஃப்.எஸ். லினக்ஸ் மட்டும் உள்ள வீட்டுக்கு நல்லது. ஆனால் அதன் வழக்கமான அமைப்பில் எதிர்க் கணினி 'நான் இன்னார்' என்று சொல்வதை அப்படியே நம்பிவிடும். சாதாரண வீட்டுப் பதிப்பு விண்டோஸில் அதற்கு இடமும் இல்லை. கிளவுட் வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் குடும்பத்தின் பிறப்பு இறப்புக் காகிதத்தை மாதச் சந்தா கட்டி அயலார் பெட்டியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. புயல் நாளில் இன்டர்நெட் போனாலும், இன்வெர்ட்டர் இருந்தால் வீட்டுக்குள் இருக்கிற பதிவறை திறந்தே இருக்கும்.

அதனால் பழைய மடிக்கணினியில் லினக்ஸும் சாம்பாவும் போட்டு, ஒரே ஒரு கோப்புறையைக் கடவுச்சொல்லோடு மற்ற இரண்டுக்கும் திறந்துவிட்டோம். மருமகளின் மேக்கும் என் விண்டோஸும் அதை ஒரே மாதிரி காண்கின்றன. அக்த் கோப்புகளை எல்லோரும் படிக்கலாம், மாற்றுகிற அதிகாரம் எனக்கும் மருமகளுக்கும் மட்டும். வெளி இன்டர்நெட்டிலிருந்து அதற்கு வழி வைக்கவில்லை.

பதிவறையே நனைந்தால் என்ன செய்வது? மாதக் கடைசியில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகி ஆர்சிங்க் என்ற மென்பொருளை ஓட்டுகிறேன். சென்ற தடவைக்குப் பிறகு மாறியதை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 1996இல் அதை பால் மெக்கராஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியவரும் அதே டிரிட்ஜெல்தான். முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கீழ்வீட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுவோம். மாடியில் இப்போது எந்தக் காகிதமும் வைப்பதில்லை.