மணலில் கற்ற பாடம்

திருச்சி உச்சிப் பிள்ளையார் கோயில் படியேறி வடக்கே பார்த்தால், ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களுக்கு இந்தப் பக்கம் காவேரியும் அந்தப் பக்கம் கொள்ளிடமும் தெரியும். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைக் குடியானவர்களின் வயிற்றைக் கலக்கியதும் இந்த இரட்டை ஓட்டந்தான்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, ஓட்டமும் நேர். தண்ணீர் பள்ளத்தைத் தேடும் அல்லவா? வரவரக் கொள்ளிடம் ஆழமாயிற்று; காவேரி மணல் மேடிட்டது. வயலுக்குப் போக வேண்டிய நீர் வீணே கடலுக்குப் போயிற்று.

பரிகாரம் தேடும் பொறுப்பு ஆர்தர் காட்டன் என்ற ராணுவ எஞ்சினீயரிடம் வந்தது. 1803-ல் பிறந்து, 1821-ல் சென்னைக்கு வந்தவர். கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டலாம், சரி, எதன்மேல் கட்டுவது? தோண்டத் தோண்ட மணல்!

விடை ஸ்ரீரங்கம் தீவின் மறுகோடிக்கு அருகே, கரிகாலன் பெயரோடு விளங்கும் கல்லணையில் கிடந்தது. பெருங்கற்களை மணலில் போட்டார்கள். நீர் அரிக்க அரிக்க அவை அமிழ்ந்தன. மேலே இன்னும் கற்களைக் களிமண் சேர்த்து அடுக்கினார்கள். அமிழ்வது நின்றதும் அணை நின்றது. ஆழங்காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்நாட்டுப் பழைய கட்டடக்காரர்களிடமே கற்றோம் என்று காட்டன் பிற்காலத்தில் எழுதியே வைத்தார். நம்முடைய 'அணைக்கட்டு' இங்கிலீஷில் 'அனிகட்' ஆனதும் இந்த உறவின் அடையாளமே.

1836-ல் மேலணை எழுந்தது. கணக்கும் அளவும் காட்டனுடையவை. கை அனுபவம் இவ்வூர்க் கொத்தர்களுடையது. கும்பெனியாருக்கு நிலவரியில் கண் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அணை அளவுக்கு மிஞ்சியே பலித்தது. இப்போது காவேரி அரிக்கத் தொடங்கியது. 1840-களில் அதற்கும் மாற்று வேலை செய்ய நேர்ந்தது. ஆற்றோடு பேச்சு ஒரே நாளில் முடிகிறதா என்ன?

இங்கே கற்றதைக் காட்டன் கோதாவரிக்குக் கொண்டுபோனார். 1852-ல் தௌலேஸ்வரம் அணை முடிந்தது. பட்டாளத்து உத்தியோகமாக வந்த வேலை ஆயுள் லட்சியமாகவே ஆகிவிட்டது. 1899-ல் இறக்கும் முன்பு, நீர்ப்பாசனத்துக்காக அவர் எழுதியதும் வாதாடியதும் கொஞ்சமல்ல.

கல்லணை கட்டியவர்களில் ஒரு கொத்தனின் பெயராவது நமக்குத் தெரியுமா? அவர்கள் எழுதி வைக்கவில்லை. கல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கேட்க ஒருவன் வர இத்தனை நூற்றாண்டுகள் ஆயின. விஞ்ஞானத்தில் நமக்குக் குறைவு மூளை அல்ல என்று நான் நினைக்கிறேன். சொல்லும் வழக்கமும், சேர்ந்து செய்யும் வழக்கமுந்தான் குறைவு.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 2022-ல் புதிய கதவணை திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் மணலில் என்ன கண்டார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழில் யாராவது எழுதிவிட வேண்டும். அடுத்து அணை கட்ட வருகிறவன் கல்லைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.