சீயக்காயும் கடலூர்ப் பொட்டலமும்

பிரிஞ்சாங்கின் குளிரில் பிள்ளைகளுக்குத் தலைமுழுக்காட்டுவது எளிதன்று. கடை ஷாம்புவுக்கு மாற்றாக வீட்டிலேயே ஏதேனும் செய்யலாமா எனப் பெற்றோர் சிலர் வினவினர். எது மாற்று என்பதில்தான் எனக்கு ஐயம். நம் பாட்டிமாருக்குச் சீயக்காயே வழக்கம். ஷாம்புதான் பிற்பாடு வந்தது.

அச்சொல்லும் இந்தியில் உடம்பை அமுக்கிப் பிடித்துவிடுதலையே குறித்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு அதனைத் தொழிலாக நடத்தினார். தலை கழுவும் நீர்மத்துக்கு அப்பெயர் பின்னரே ஏற்பட்டது.

தமிழகச் சிற்றூர்களில் சீயக்காயின் இடத்தைப் பிடித்தது சிறு பொட்டலமே. ஷாம்புவை அவ்வாறு அடைத்து விற்கும் வழியைக் கடலூரின் சின்னி கிருஷ்ணன் காட்டினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் தனியே தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்புவை விற்றார். ஊர் ஊராகச் சென்று, சிறுவர் தலையில் தேய்த்துக் கழுவிக் காட்டினார்கள். (நம் வகுப்பறைச் செய்முறை விளக்கங்கள் தோற்றன!) பின்னர் அதே நிறுவனமே ‘மீரா’ என்னும் பெயரில் சீயக்காய்த் தூளையும் விற்றது.

சீயக்காயில் நுரை தருவது சப்போனின். காய்ந்த காயோடு வெந்தயமும் பாசிப்பயறும் சேர்த்து அரைத்து, வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்கலாம். இங்குள்ள மூடுபனியில் காய் நன்கு உலராது. வாணலியில் இலேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிறுவர்க்கு நெற்றியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள்.