ஹெலிகாப்டர் கியர்பாக்ஸும் 30 நிமிட விதியும்

ஹெலிகாப்டரின் எஞ்சினுக்கும் தலைக்கு மேல் சுழலும் விசிறிக்கும் இடையில் இருப்பது முதன்மை கியர்பாக்ஸ். டர்பைன் எஞ்சினின் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 20,000 முறை சுழல்கிறது. பெரிய ஹெலிகாப்டர்களின் மேல் விசிறிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 260 சுற்றுகள் போதும். வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுவதும், படுக்கையாக வரும் சுழற்சியைச் செங்குத்துத் தண்டுக்கு மாற்றுவதும், அதில் ஒரு பங்கை வால் விசிறிக்குப் பிரித்துக் கொடுப்பதும் கியர்பாக்ஸின் வேலை.

ஹெலிகாப்டரில் பெரும்பாலான பாகங்களுக்கு மாற்று உண்டு. ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்று தாங்கும். இரண்டும் நின்றுபோனாலும், இறங்கும்போது எதிர்ப்படும் காற்றே விசிறியைச் சுழற்றும்; விமானி மெதுவாகத் தரையிறக்கிவிடலாம். முதன்மை கியர்பாக்ஸ் மட்டும் ஒன்றுதான். அதற்குள் பற்கள் இறுகி நின்றால் காற்று சுழற்றும் அந்தக் கடைசி வழியும் அடைபடும்.

எண்ணெய் என்ன செய்கிறது

கியர்பாக்ஸில் எண்ணெய் ஊற்றுவது வழுக்குவதற்காக என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மை. எண்ணெயின் பெரிய வேலை வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவது. நல்ல கியர்பாக்ஸிலும் கடத்தப்படும் ஆற்றலில் 2 முதல் 3 சதவீதம் வெப்பமாக வீணாகிறது. 3,000 கிலோவாட் கடத்தும் கியர்பாக்ஸில் இது 60 முதல் 90 கிலோவாட். அதாவது, ஒரு பெரிய சமையல் அண்டா அளவுள்ள பெட்டிக்குள் அறுபது எழுபது இஸ்திரிப் பெட்டிகளை ஓயாமல் காய விடுவதற்குச் சமம். பம்பு எண்ணெயைப் பீய்ச்சுகிறது. சூடான எண்ணெய் கீழே வடிந்து, குளிர்விப்பானுக்குப் போய், ஆறித் திரும்புகிறது.

இந்தச் சுற்று நின்றால் முதலில் அடிபடுவது பினியன் எனப்படும் சிறு சக்கரம். பெரிய சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் பினியன் பலமுறை சுற்றிவிடுவதால், அதன் பற்கள் ஒவ்வொன்றும் அடிக்கடி உரசுகின்றன. அது விரைவாகச் சூடேறி விரிகிறது. பற்களுக்கு நடுவே விட்டிருந்த மெல்லிய இடைவெளி மறைகிறது. பேரிங்குகளுக்குள் இருந்த இடைவெளியும் இறுகுகிறது. விமான கியர்களுக்கு நெடுங்காலம் பயன்பட்ட 9310 வகை எஃகு, 150 டிகிரி செல்சியஸை வெகுவாகத் தாண்டினால் கடினத்தன்மையை இழக்கத் தொடங்கும். இளகிய பல் மேலும் உரசும். உரசல் மேலும் சூடாக்கும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் முடிவு நிமிடக் கணக்கில்தான்.

போர்க்களத்தில் பிறந்த எண்

வியட்நாம் போரில் ஆயிரக்கணக்கான அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன. தரையிலிருந்து வந்த ஒரு சாதாரணத் துப்பாக்கிக் குண்டே எண்ணெய்க் குழாயையோ குளிர்விப்பானையோ துளைத்து, மற்றபடி நன்றாக இருந்த இயந்திரத்தைக் கீழே இறக்கிவிடும். ஆகவே 1970களில் புதிய போக்குவரத்து ஹெலிகாப்டருக்கு வடிவமைப்புக் கேட்டபோது, எண்ணெய் முழுதும் போன பிறகும் கியர்பாக்ஸ் 30 நிமிடம் ஓட வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் நிபந்தனை வைத்தது. சண்டை நடக்கும் இடத்திலிருந்து தன் படை இருக்கும் இடத்துக்குத் திரும்ப அந்த நேரம் போதும். அந்தப் போட்டியில் வென்றது சிகோர்ஸ்கி நிறுவனத்தின் பிளாக் ஹாக்.

இதற்காக உலோகவியலாளர்கள் சூட்டிலும் கடினம் குறையாத புதிய எஃகு வகைகளைக் கொண்டுவந்தனர். பேரிங் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடுகளுக்கு வெள்ளி முலாம் பூசப்பட்டது. எண்ணெய் இல்லாதபோது மென்மையான வெள்ளியே சிறிது நேரம் மசகாக உதவும். பற்களின் இடைவெளி, சூட்டில் விரிவதையும் கணக்கிட்டு அமைக்கப்பட்டது.

1988இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பெரிய பயணிகள் ஹெலிகாப்டர்களுக்கான விதியிலும் இந்த 30 நிமிடத்தைச் சேர்த்தது. ஆனால் விதியின் வாசகத்தில் ஒரு விலக்கும் கூடவே வந்தது: எண்ணெய் இழப்புக்குக் காரணமாகும் கோளாறு 'மிக மிக அரிது' என்று காட்ட முடிந்தால் அந்தச் சோதனை தேவையில்லை. இந்தச் சொல்லுக்கு விமானத் துறையில் கணக்கு உண்டு. ஒரு கோடி பறப்பு மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் நடக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

2002ஆம் ஆண்டுச் சோதனை

பிளாக் ஹாக் பரம்பரையில் வந்த பயணிகள் ஹெலிகாப்டர் எஸ்-92. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஊழியர்களைக் கொண்டு செல்ல உலகெங்கும் விரும்பி வாங்கப்பட்டது. 2002 ஆகஸ்ட் மாதம் அதன் கியர்பாக்ஸிலிருந்து எண்ணெயை வெளியேற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 11 நிமிடத்தில் அது சிதைந்தது.

சிகோர்ஸ்கி அந்த கியர்பாக்ஸைத் திருத்தி மீண்டும் சோதிக்கவில்லை. எண்ணெய் கசியக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டு ஆராய்ந்தது. குளிர்விப்பானிலும் அதற்குச் செல்லும் குழாய்களிலும்தான் கசிவுக்கு வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்தது. அங்கே கசிந்தால் அந்தப் பகுதியைத் துண்டித்து, மிஞ்சிய எண்ணெயை கியர்பாக்ஸுக்குள்ளேயே சுற்றவிடும் ஒரு வால்வைப் பொருத்தியது. மற்ற இடங்களில் முழு எண்ணெயும் போவது 'மிக மிக அரிது' என்று வாதிட்டது. நிர்வாகம் ஏற்றுக்கொண்டு சான்று வழங்கியது.

சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் அந்த ஆய்வில், எண்ணெய் வடிகட்டியின் கிண்ணத்தை கியர்பாக்ஸோடு பிடித்திருக்கும் மூன்று டைட்டானியம் தண்டுகள் முறியக்கூடும் என்பதற்கு இடமில்லை. வடிகட்டி கிண்ணத்தில் கசிந்தால் அந்த வால்வால் ஒரு பயனும் இல்லை. இதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. விதியில் 30 நிமிடம் என்று இருந்ததால், எஸ்-92 எண்ணெய் இல்லாமல் 30 நிமிடம் பறக்கும் என்ற எண்ணம் அதை ஓட்டியவர்களிடையே பரவலாக இருந்தது. 11 நிமிடம் என்ற எண் சோதனைக்கூடத்தைத் தாண்டி விமானி அறைவரை வந்து சேரவில்லை.

முன்னறிவிப்பு ஒன்றும் கிடைத்தது. 2008 ஜூலை 2 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் எஸ்-92இன் எண்ணெய் முழுவதும் போயிற்று. தரை அருகில் இருந்ததால் ஏழு நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். வடிகட்டித் தண்டுகள்தான் முறிந்திருந்தன. வடிகட்டி மாற்றும்போதெல்லாம் நட்டைக் கழற்றி முடுக்கியதில் டைட்டானியம் தண்டின் மரை அரிபட்டு, பிடிமானம் தளர்ந்து, களைப்பு விரிசல் விழுந்திருந்தது. 2009 ஜனவரியில், தண்டுகளை எஃகுத் தண்டுகளாக மாற்றும்படி சிகோர்ஸ்கி அறிவிப்பு அனுப்பியது. அவகாசம் 1,250 பறப்பு மணி நேரம் அல்லது ஓர் ஆண்டு. மூன்று தண்டுகளை மாற்றும் வேலைக்கு அது நீண்ட அவகாசம்தான். அதுவரை உலகில் இருந்த எல்லா எஸ்-92களும் பறந்த நேரத்தைக் கூட்டினாலும் ஒரு கோடி மணி நேரத்துக்கு அருகில்கூட வராது. 'மிக மிக அரிது' என்ற கணக்கு ஆஸ்திரேலியாவிலேயே பொய்த்துவிட்டது.

நியூஃபவுண்ட்லாந்து, 2009 மார்ச் 12

கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து ஹைபர்னியா எண்ணெய் மேடை ஏறத்தாழ 315 கிலோமீட்டர். அன்று காலை 9.17க்கு கூகர் நிறுவனத்தின் எஸ்-92 ஒன்று 16 பயணிகளோடும் 2 விமானிகளோடும் கடல் மேடைகளை நோக்கிக் கிளம்பியது. 9.45க்கு, 9,000 அடி உயரத்தில், கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் குறைந்ததாக எச்சரிக்கை எரிந்தது. கரை சுமார் 100 கிலோமீட்டர் பின்னால் இருந்தது. விமானிகள் அவசர நிலை அறிவித்துத் திரும்பினார்கள். 800 அடிக்கு இறங்கி அங்கிருந்து கரையை நோக்கிப் பறந்தார்கள்.

அவர்கள் முன் இருந்த கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. அழுத்தமானி கிட்டத்தட்ட பூஜ்யத்தில் கிடந்தது. வெப்பமானியோ இயல்பான அளவையே காட்டியது. எண்ணெய் போனால் கியர்பாக்ஸ் கொதிக்க வேண்டுமே, ஏன் சூடு ஏறவில்லை? காரணம் எளியது. வெப்பமானி அளப்பது எண்ணெயின் சூட்டை. எண்ணெயே இல்லாதபோது அது வெற்றிடத்தில் நின்றுகொண்டிருந்தது. இதைக் கைந்நூல் அவர்களுக்கு விளக்கியிருக்கவில்லை. அழுத்தம் 5 பிஎஸ்ஐக்குக் கீழே போய், இன்னோர் அறிகுறியும் சேர்ந்தால் உடனே இறங்கு என்பது நடைமுறை. அந்த இரண்டாவது அறிகுறிக்குக் காத்திருந்தால், பம்போ அழுத்த உணரியோ பழுது என்று நினைக்க இடமிருந்தது. கீழே இருந்தது மார்ச் மாத வட அட்லாண்டிக். உறைநிலைக்கு நெருங்கிய நீர், உயர்ந்த அலைகள். இறங்காமல் கரை சேர முயல்வதைத் தவறு என்று கரையில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

வால் விசிறிக்கு ஆற்றல் தரும் பினியனின் பற்கள் அழிந்தன. வால் விசிறி நின்றது. 9.56க்கு, எச்சரிக்கை எரிந்து ஏறத்தாழ 11 நிமிடத்தில், ஹெலிகாப்டர் கடலில் பலமாக மோதி மூழ்கியது. அவசர மிதவைகள் விரியவில்லை. 17 பேர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் நீந்தி மேலே வந்து பிழைத்தார். 2002இல் சோதனைக்கூடத்தில் தாங்கிய அதே அளவு நேரம்தான் கடலுக்கு மேலேயும் தாங்கியிருந்தது.

சுமார் 169 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்ட சிதைவில், மூன்று தண்டுகளில் இரண்டு முறிந்திருந்தன. தண்டுகளை மாற்றாமல் எந்த எஸ்-92உம் பறக்கக் கூடாது என்ற அவசர ஆணை அந்த மார்ச் மாதமே வந்தது. 2011 பிப்ரவரியில் வெளிவந்த கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, 'மிக மிக அரிது' விலக்கை நீக்கி, 30 நிமிடத்தை ஏற்கனவே பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் கட்டாயமாக்கும்படி பரிந்துரைத்தது. 30 நிமிடமே போதுமா என்று ஆராயவும் கேட்டது. அது நியாயமான கேள்வி. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரத்துக்கு 125 கிலோமீட்டர்தான் போகலாம். ஹைபர்னியா பாதையின் நடுவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அது எட்டாது.

வட கடலில் நடந்தது

எண்ணெய்க்குப் பதில் வேறொன்றைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் வழியை ஐரோப்பிய இசி225 ஹெலிகாப்டர் கையாண்டது. எண்ணெய் அழுத்தம் விழுந்தால் விமானி ஒரு பொத்தானை அழுத்துவார். கிளைக்கால் கலந்த நீர், எஞ்சினிலிருந்து எடுத்த காற்றோடு சேர்ந்து கியர்கள் மேல் தூவப்படும். இதற்கு 30 நிமிடச் சான்று உண்டு.

2012 மே 10 அன்று அபர்தீனுக்குக் கிழக்கே ஓர் இசி225இலும், அக்டோபர் 22 அன்று ஷெட்லாந்துக்குத் தென்மேற்கே இன்னொன்றிலும் கியர்பாக்ஸின் செங்குத்துத் தண்டு விரிசல் விட்டு முறிந்தது. இரண்டு எண்ணெய் பம்புகளும் அந்த ஒரே தண்டிலிருந்து சுழல்பவை என்பதால் இரண்டும் ஒன்றாக நின்றன. விமானிகள் பொத்தானை அழுத்தினார்கள். சற்று நேரத்தில், அவசர முறையும் தோற்றது என்று விளக்கு எரிந்தது. அப்படியானால் உடனே கடலில் இறங்க வேண்டும் என்பது விதி, இருவரும் இறங்கினார்கள். முதலாவதில் 14 பேர், இரண்டாவதில் 19 பேர். அனைவரும் பிழைத்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது: அவசர முறை தோற்கவே இல்லை. கிளைக்கால் ஒழுங்காகத் தூவப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் அழுத்தத்தைக் கண்காணிக்கும் சுவிட்சு, உண்மையில் குழாயில் இருக்கும் அழுத்தத்துக்குப் பொருந்தாத அளவில் அமைக்கப்பட்டிருந்தது. முறையின் பகுதிகளைத் தனித்தனியே சோதித்துச் சான்று பெற்றிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரு ஹெலிகாப்டரில் ஒன்றாகப் பூட்டிச் சோதித்திருக்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்தில் சாகப்போகும் கியர்பாக்ஸ் நலமாக இருப்பதாகக் கருவி காட்டியது. வட கடலில் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்த கியர்பாக்ஸ் கைவிடப்பட்டதாகக் காட்டியது.

விதி மாறியது

தயாரிப்பாளர்கள் சிலர் விதிக்கு முன்பே நகர்ந்தார்கள். ஐரோப்பிய ஏடபிள்யூ189 ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸ் எண்ணெயின்றி 50 நிமிடம் ஓடும் என்று சான்று பெற்றது. எஸ்-92க்கு, தனி அவசர எண்ணெய் வழியுடன் புதிய கியர்பாக்ஸ் செய்யப்போவதாக சிகோர்ஸ்கி 2019இல் அறிவித்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2018இல் தன் விதியைத் திருத்தி, 'மிக மிக அரிது' என்ற விலக்கை எடுத்துவிட்டது. ஆனால் இத்தகைய திருத்தங்கள் புதிதாகச் சான்று கேட்கும் ரகங்களுக்கே பொருந்தும். அதற்கு முன் சான்று பெற்றவை, பெற்ற நாளின் விதிப்படியே பறக்கின்றன.