மலையகத் தோட்டங்களில் முதுமைப் பராமரிப்புக் காப்புறுதி

நடமாடவோ குளிக்கவோ பிறர் துணை தேவைப்படும் முதியோரின் பராமரிப்புச் செலவை ஏற்கும் ஏற்பாடு நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி. ஜேர்மனியில் 1995 முதலும் ஜப்பானில் 2000 முதலும் இது கட்டாயச் சமூகக் காப்புறுதியாக உள்ளது.

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டத் தொழிலாளருக்கு அத்தகைய திட்டம் இல்லை. அவர்களது கையிருப்பு மூன்று சட்டங்களால் வருகிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழிலாளி 8 வீதமும் தோட்ட நிர்வாகம் 12 வீதமும் செலுத்துகின்றன. 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் 3 வீதம் செலுத்துகிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டு வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 14 நாட் சம்பளம் கிடைக்கும்.

சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். இது மாதாந்த ஓய்வூதியமல்ல, மொத்தத் தொகை. மலையகத்தின் மெய்யான இடர் இங்குதான்: பணம் பிள்ளைகளின் கலியாணத்திலும் கடனிலும் கரைந்துவிடுகிறது, படுக்கை நோய் இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது. அப்போது லயத்து அறையில் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ. கொழுந்து பறிக்கப் போகாத நாளின் சம்பளத்தை அவர் இழக்கிறார். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாதது பெரும் அநீதி.

தனியார் காப்புறுதி எடுப்போர், அது வைத்தியசாலைச் செலவை மட்டும் தருமா, வீட்டுப் பராமரிப்பையும் ஏற்குமா, எந்த வயதில் முடியும், முன்பே உள்ள நோய்களை விலக்குமா என்று கையொப்பமிடுமுன் தமிழில் கேட்டறிய வேண்டும். அடையாள அட்டையிலும் சேமலாப நிதிப் பதிவிலும் பெயர் ஒன்றாக இருப்பதை வேலையில் உள்ளபோதே சரிபார்ப்பது அதைவிட அவசரமானது.